கைடின் மௌனத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்



கே.பி.எச்.பி. காலனி ஹாஸ்டல்களிலும் நிஜாம்பேட்டை ரோட்டுப் பக்கத்து ஷேரிங் ரூம்களிலும் தங்கி பிஎச்.டி. செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு ஜே.என்.டி.யு. வளாகம் நடந்துபோகிற தூரம். சிலர் பாலாநகரில் இருக்கும் நைப்பருக்குப் போகிறீர்கள். சிலர் மெட்ரோவில் அமீர்பேட்டை போய், வண்டி மாறி, தார்நாகாவில் இறங்கி உஸ்மானியாவுக்கோ ஐ.ஐ.சி.டி.க்கோ போகிறீர்கள். கச்சிபௌலி மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு பஸ் பிடிக்கிறவர்களும் உண்டு. படிப்பது மருந்தியலோ கட்டடவியலோ மொழியியலோ, நான்கு பேர் கூடினால் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: "சார் இன்னும் பார்க்கலை."

ஆறுதல் சொல்ல நான் இதை எழுதவில்லை. அதை உங்களுக்குள்ளேயே போதுமான அளவு சொல்லிக்கொள்கிறீர்கள். டீக்கடையில் கைடைத் திட்டுகிறீர்கள், கலகலவென்று சிரிக்கிறீர்கள், மறுநாள் அவர் அறை வாசலில் போய் நிற்கிறீர்கள். செமஸ்டர் முடிவில் முன்னேற்ற அறிக்கைப் படிவம் வந்ததும் அதே கை 'பணி திருப்திகரமாக நடக்கிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போடுகிறது. எனக்குச் சண்டை அந்தக் கையெழுத்தோடுதான். கைடின் குணத்தை மாற்ற உங்களால் ஆகாது. ஆனால் அந்தப் படிவத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதில் உங்களுக்குப் பங்கு உண்டு.

நானும் இந்தப் பாதையில் வந்தவள்தான். தனியார் பொறியியல் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டே பகுதி நேரமாகப் பட்டம் வாங்கினேன். என் கைடு கெட்டிக்காரர், நல்ல மனிதர், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னதில்லை. ஆனால் கொடுத்த அத்தியாயம் என்ன ஆயிற்று என்று கேட்டால் "எந்த அத்தியாயம்?" என்பார். அவர் சொல்லித்தான் சேர்த்த பகுதியை, அடுத்த சந்திப்பில் யார் சேர்க்கச் சொன்னது என்று கேட்டு எடுக்கச் சொல்வார். மேசையில் குவிந்திருந்த தாள்களுக்கு நடுவில் என் பக்கங்கள் கிடந்தன, அவற்றின் மேல் வேறொருவரின் பக்கங்கள். அவர் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் இதில் வராது. அவரைக் குறை சொல்வதற்காக எழுதப்பட்ட மடல் அல்ல இது.

முதலில் கைடுகளின் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். 1972 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஜே.என்.டி.யு., 2008-இல் நான்காகப் பிரிந்தது. அதன் பிறகும் ஹைதராபாத் ஜே.என்.டி.யு.வின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட பொறியியல், மருந்தியல் கல்லூரிகள் இணைந்திருக்கின்றன. வினாத்தாள் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, கல்லூரிகளைப் பார்வையிடுவது, நாக் தரமதிப்பீட்டுக் குழு வரும்போது கோப்புத் தயாரிப்பது எல்லாம் அதே பேராசிரியர்கள் தலையில்தான் விழுகின்றன. ஆள் போதாது. தெலங்கானாவின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் காலியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்தன. பொது ஆட்சேர்ப்பு வாரியம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2022 செப்டம்பரில் நிறைவேற்றி அனுப்ப, அது ஆளுநர் மாளிகையில் போய் நின்றது. அப்போது ஆளுநர் நம் தமிழிசை சௌந்தரராஜன் என்பதால் இங்கே தமிழர்களைப் பார்த்தால் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். 2025 ஜனவரியில் பேராசிரியர்களின் ஓய்வு வயதை 60-இலிருந்து 65 ஆக்கினார்கள். அதனால் நாற்காலியில் இருக்கிறவர்கள் நீடித்தார்கள், புதிய நாற்காலி வரவில்லை.

இதோடு யு.ஜி.சி.யின் 2022 விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 ஆய்வாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர். எட்டுப் பேர் ஆளுக்கு ஓர் அத்தியாயத்தை நீட்டினால், விடைத்தாள் கட்டும் நாக் கோப்பும் குவிந்த மேசையில் அவை எங்கே போகும்? எனவே எல்லா மௌனத்துக்கும் பின்னால் அலட்சியமோ சாதியோ பழிவாங்கலோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாதிக்கு மேல் வெறும் சீர்கேடு. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்கிற கைடும் உண்டு. உங்கள் தலைப்பே தனக்குப் புரியவில்லை என்பதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடுகிற கைடும் உண்டு. இந்தக் கடைசி வகை நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

காரணம் எதுவாக இருந்தாலும் காலம் ஓடுவது உங்கள் கணக்கில்தான். அதே 2022 விதிப்படி, சேர்ந்த நாளிலிருந்து பாடத்திட்டப் படிப்பையும் சேர்த்து குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேல் 2 ஆண்டு, ஆக மொத்தம் 10. பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. பணத்தின் கணக்கோ இதைவிடக் குறுகியது. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000. இது ஐந்து ஆண்டுக்குத்தான். ஐந்தாம் ஆண்டு முடியும்போது உங்கள் அத்தியாயங்கள் கைடின் மேசையில் கிடந்தால், அவருக்குச் சம்பளம் வரும், உங்களுக்கு உதவித்தொகை நிற்கும், ஹாஸ்டல்காரம்மா வாடகை கேட்பார். ஊரில் "இன்னும் படிப்பு முடியலையா?" என்று கேட்கிறவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

படிவத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்கிறது விதி. நம்மவர்கள் அதை ஆர்.ஏ.சி. என்பார்கள். ஜே.என்.டி.யு.வில் ஆர்.ஆர்.எம். என்ற பெயரில் நடக்கும் ஆய்வுப் பரிசீலனைக் கூட்டம்தான் உங்களுக்குப் பழக்கம். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் டி.சி. என்பீர்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்று. செமஸ்டருக்கு ஒரு முறை அந்தக் குழுவின் முன் நின்று என்ன செய்தீர்கள் என்று விளக்க வேண்டும். குழு தன் அறிக்கையை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், அதன் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். முன்னேற்றம் போதாது என்றால் காரணத்தை எழுதித் திருத்த வழி சொல்ல வேண்டும். அதன்படியும் நடக்காவிட்டால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

இந்தக் கூட்டம் நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இருபது ஸ்லைடு, பத்து நிமிஷம், ஒரு குழு உறுப்பினர் போனில், சமோசா, கையெழுத்து. அத்தியாயத்தைக் கொடுத்து மாதங்கள் ஆகியும் படிக்கப்படவில்லை என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. கைடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கேட்டால் "விட்டுக்கொடுத்துப் போனேன் அக்கா" என்கிறீர்கள். தம்பி, நீ விட்டுக்கொடுத்தது அவருக்காக அல்ல. வருஷக்கணக்கில் 'திருப்திகரம்' என்று கோப்பில் ஏறியிருக்கிறது. ஆறாம் ஆண்டில் நீட்டிப்புக் கேட்டுப் போய் நிற்கும்போது, ஆய்வுப் பிரிவில் இருப்பவர் அந்தக் கோப்பைத் திறந்து கேட்பார்: எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறதே, அப்புறம் ஏன் முடிக்கவில்லை? அதற்கு உன்னிடம் பதில் இருக்காது. கைடு தாமதித்ததற்கு ஒரு வரி ஆதாரமும் இருக்காது. தாமதம் முழுக்க உன்னுடையதாகிவிடும், அதுவும் உன் கையெழுத்தோடு.

அதனால் சண்டை போடச் சொல்கிறேனா? இல்லை. தேதி போடச் சொல்கிறேன். 'இரண்டாம் அத்தியாயத்தின் வரைவு மார்ச் 4 அன்று நெறியாளரிடம் தரப்பட்டது. கருத்துக்காகக் காத்திருக்கும் வேளையில் மூன்றாம் அத்தியாயத்துக்கான சோதனைகள் தொடங்கப்பட்டுள்ளன.' இதில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. நடந்தது மட்டும் இருக்கிறது. இதைப் படித்து எந்தக் கைடும் கோபப்பட முடியாது. கோபப்பட்டால், தான் படிக்கவில்லை என்பதைத்தானே அவர் ஒப்புக்கொள்கிறார்? பெரும்பாலும் கோபம் வராது. கூட்டத்துக்கு முந்தின நாள் அவசர அவசரமாக அந்த அத்தியாயத்தைத் தேடி எடுப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊரில் இதைப் பேசும்போது செந்தில்குமாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியலில் பிஎச்.டி. செய்ய வந்தவர், தலித் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவே இல்லை. பாடத்திட்டத் தேர்வில் தேறவில்லை என்று உதவித்தொகையும் நின்றது. 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். பேராசிரியர் வினோத் பவராலா தலைமையிலான குழு விசாரித்து, நெறியாளர் ஒதுக்கும் நடைமுறையில் இருந்த குழப்பங்களைப் பதிவு செய்தது. அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்ட ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது 2016-இல். அதற்கு எட்டு ஆண்டு முன்பே அதே வளாகத்தில் நம் ஊர்ப் பையன் ஒருவன் போய்விட்டான் என்பது தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. பதில் போடாத கைடு ஒரு தொல்லை. கைடே இல்லாமல் மாதக்கணக்கில் விடப்படுவது தொல்லை என்ற கணக்கில் சேராது. முதல் ஆண்டு மாணவர்களில் யாருக்காவது அப்படி நடந்தால், 'கொஞ்ச நாள் பொறு' என்று சொல்லும் சீனியராக நீங்கள் இருக்காதீர்கள். அன்றே அவரை அழைத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போங்கள்.

சென்னையில் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். 2023 மார்ச் கடைசியில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஓர் ஆய்வு மாணவர் இறந்தபோது, ஓய்வுபெற்ற டி.ஜி.பி. திலகவதி தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். 'கல்மரம்' எழுதி சாகித்ய அகாதெமி விருது பெற்றவர் என்று வாசகர்களுக்குத் தெரிந்த அதே திலகவதிதான். அறிக்கைக்குப் பிறகு கைடு பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். ஒரு பிள்ளை போன பிறகு குழு போடுவதில் நம் நிறுவனங்களுக்குக் குறையில்லை. மனம் அப்படிக் கனக்கும் நாளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.

இப்போது அன்றாட வழிகளைச் சொல்கிறேன். பேராசிரியரின் கவனத்தைப் பெறுவது நம் மரபில் பழைய கலை. உ.வே.சாமிநாதையர் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது, ஆசிரியர் நேரடியாகப் பாடம் சொல்லவில்லை. மூத்த மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார். பிள்ளையவர்களைச் சுற்றி எப்போதும் கூட்டம், வேலை, கடன் தொல்லை. சாமிநாதன் கவனித்துப் பார்த்தார். தோட்டத்தில் தான் நட்டுவைத்த மரங்களில் தளிர் விட்டிருக்கிறதா என்று ஆசிரியர் விடியற்காலையில் பார்த்து மகிழ்வதைக் கண்டார். அவருக்கு முன்னே எழுந்து தளிர்களைத் தேடி வைத்து, அவர் வந்ததும் காட்டினார். அந்த மகிழ்ச்சி வேளையில் பாடம் கேட்டார். பாடமும் கிடைத்தது. 'என் சரித்திர'த்தில் இதற்குத் 'தளிர் ஆராய்ச்சி' என்று ஓர் அத்தியாயத் தலைப்பே உண்டு.

இதைச் சொன்னால் சிலர் காக்கா பிடிக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. ஆசிரியர் எந்த வேளையில், எந்த இடத்தில், என்ன மனநிலையில் கைக்குக் கிடைப்பார் என்பதை ஆராய்வதும் ஆய்வாளரின் வேலைதான் என்கிறேன். உங்கள் கைடு மின்னஞ்சலே திறக்காதவராக இருக்கலாம், ஆனால் காலை எட்டரைக்குத் துறை திறப்பதற்கு முன்பே வந்து தனியாகக் காபி குடிப்பவராக இருக்கலாம். திரையில் படிக்க மாட்டார், அச்சிட்டு ஸ்பைரல் போட்டுக் கொடுத்தால் ரயிலில் படிப்பார். மணிக்கணக்கான கூட்டத்துக்கு வர மாட்டார், விடைத்தாள் திருத்தும் மையத்திலிருந்து கார் நிறுத்துமிடம் வரை கூட நடந்தால் பேசிவிடுவார். இந்த விஷயமெல்லாம் துறை அட்டெண்டருக்குத் தெரியும். அவரிடம் போய் இங்கிலீஷில் கேட்காதீர்கள். நாலு வார்த்தை தெலுங்கு கற்றுக்கொள்ளுங்கள். "சார் உன்னாரா?" என்று கேட்கிற பையனுக்குக் கிடைக்கும் தகவல், வாசலில் விழித்துக்கொண்டு நிற்கிறவனுக்குக் கிடைக்காது. தமிழ்ப் பிள்ளைகள் இதில் தேவையில்லாமல் நஷ்டப்படுகிறீர்கள். "ரேப்பு ரண்டி" (நாளைக்கு வாங்க) என்று அனுப்பிவைக்கப்படுகிறவர்களில் நம் ஆட்கள்தான் அதிகம்.

மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி, அதுவும் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி. 'அத்தியாயத்தை இணைத்துள்ளேன், தங்கள் மேலான கருத்துக்களை எதிர்பார்க்கிறேன்' என்று அறுபது பக்கத்தை அனுப்பினால் அது கிணற்றில் போட்ட கல்தான். 'பதினொன்றாம் பக்க அட்டவணையில் மாதிரிகளின் எண்ணிக்கையை இப்படிக் கொடுக்கலாமா?' என்று கேட்டால் மூன்று பக்கத்தையாவது புரட்டுவார். பெரிதாகக் கொடுக்க ஆசைப்படாதீர்கள். ஐந்து பக்கம் கொடுங்கள், அடிக்கடி கொடுங்கள்.

சந்திப்பு முடிந்ததும் அன்று மாலைக்குள் அரைப் பக்கம் எழுதி அவருக்கு அனுப்புங்கள். இன்று பேசியவை இவை, நீங்கள் மாற்றச் சொன்னவை இவை, அடுத்து நான் செய்யப்போவது இது, வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் ஐயா, இல்லையென்றால் இப்படியே தொடர்கிறேன். அவர் பதில் போடத் தேவையே இல்லை. மறந்துபோகிற கைடுக்கு இது ஞாபகக் குறிப்பு. போன மாதம் சேர்க்கச் சொன்னதை இந்த மாதம் எடுக்கச் சொல்கிறவருக்கு, மரியாதையோடு எடுத்துக் காட்ட ஒரு தாள். நாளை கைடு மாறினால், வருகிறவருக்கு உங்கள் ஆய்வின் வரலாறு. வாட்ஸாப்பில் நீல டிக்கை எண்ணிக்கொண்டிருப்பதைவிட இது மேல். வாட்ஸாப் செய்தி கோப்பில் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணினி அறிவியலில் பெரிய பெயரான டொனால்ட் கனூத் 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சலே வைத்துக்கொள்ளவில்லை. வேலை கெடுகிறது என்று நிறுத்திவிட்டார். ஆனால் அதை ஊரறியச் சொல்லிவிட்டார், தபாலில் எழுதுங்கள் என்று வழியும் காட்டினார். பதில் போடாமல் இருப்பதைக்கூட ஒழுங்காகச் செய்யலாம் என்பதற்காகச் சொன்னேன். எப்படித் தொடர்புகொண்டால் உங்களுக்கு வசதி என்று முதல் மாதத்திலேயே கைடிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

ஆலோசனைக் குழுவில் கைடு தவிர மற்றவர்களும் இருக்கிறார்களே, அவர்களைக் கூட்டத்தன்று மட்டும் பார்க்கும் விருந்தாளிகளாக வைத்திருக்காதீர்கள். ஆய்வு சம்பந்தமான சந்தேகத்தோடு போங்கள். கைடைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். உங்கள் வேலை அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், நெருக்கடி வரும்போது ஆதரவாகப் பேச ஒருவர் இருப்பார். புறக்கணிக்கிற கைடு ஒரு வகையில் சுதந்திரமும் தருகிறார் என்பதை மறக்க வேண்டாம். என் ஆய்வின் நல்ல பகுதி, என் கைடு பார்க்காமல் விட்ட பகுதிதான். துறைக்கு வெளியே ஒருவரிடம் கேட்டுக் கேட்டு எழுதியது அது.

கைடை மாற்றுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். மாற்றலாம், விதியில் இடம் உண்டு. ஆனால் நடைமுறையில் பழைய கைடின் ஒப்புதல் கடிதம், புதியவரிடம் காலியிடம், குழுவின் பரிந்துரை என்று போகும். முதல் இரண்டு ஆண்டுக்குள் செய்தால் பெரிய இழப்பு இல்லை. நான்காம் ஆண்டுக்குப் பிறகு என்றால், மாற்றுவதைவிட இணை நெறியாளர் ஒருவரைச் சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து. கைடுக்கும் முகம் போகாது, படிக்க இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கும். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண்கள், ஆய்வுத் தரவுகளை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள விதி தனியாகவே வழி தருகிறது. பலருக்கு இது தெரியாமல் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பேசியும் எழுதியும் பயனில்லை என்றால் புகார். யு.ஜி.சி. 2023 ஏப்ரலில் கொண்டுவந்த விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அந்த முடிவு சரியில்லை என்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ பேராசிரியராகவோ மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார், 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். இந்தக் கதவு இருப்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் வெறுங்கையோடு போய்த் திரும்புகிறார்கள். மேலே சொன்ன அரைப் பக்கக் குறிப்புகளும் தேதி போட்ட அறிக்கைகளும் இருந்தால்தான் அங்கே பேச வாய் வரும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டவர்களுக்கு ஒன்று: மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் சேர்ந்து 6 மாதத்தில் முடிய வேண்டும் என்பதும் விதிதான். வெளித் தேர்வாளர் பட்டியலை அனுப்புவதிலேயே தாமதம் நடக்கும், அதை வாரா வாரம் விசாரியுங்கள்.

கைடின் மௌனம், நீங்கள் ஒன்றுக்கு மறுத்ததற்கான தண்டனையாக இருந்தால் அது இந்த மடலின் விஷயமே அல்ல. பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார் குழுவுக்கு நேராகப் போங்கள், யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அவர் பிள்ளையைக் கோச்சிங் வகுப்பில் கொண்டுவிடுவது, ரைத்து பஜாரில் காய்கறி வாங்கிக் கொடுப்பது, அவருக்காக விடைத்தாள் திருத்துவது போன்றவற்றுக்கு மறுத்ததற்காக என்றால், மறுத்தது சரி. ஆரம்பத்தில் செய்துவிட்டுப் பின்னால் நிறுத்தினால் கோபம் இரட்டிப்பாகும், எனவே முதல் தடவையே வேண்டாம். கார் ஓட்டினால் கையெழுத்து சீக்கிரம் வரும் என்று உங்களுக்குச் சொல்லும் சீனியர், இன்னும் கார் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இனிமேல் சேரப்போகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்லி அனுப்ப ஒரு செய்தி. கைடைத் தேடும்போது அவருடைய கட்டுரைப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்காவில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். யார் யார் எந்த ஆண்டு முடித்தார்கள், எத்தனை பேர், நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போடலாம். பிறகு நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள். கைடுக்கு வழக்கமான நாலு வரி எழுதிவிட்டு, வேறொரு பேராசிரியருக்கு இரண்டு பத்தி உருகி எழுதியிருந்தால் அந்த ஆய்வை உண்மையில் யார் படித்தார் என்று புரிந்துவிடும். ஓய்வுபெற 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புது ஆய்வாளரை எடுக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது, அவர் வயதையும் கேட்டு வையுங்கள். பழைய மாணவர் ஒருவருக்குப் போன் போட்டு, கைடு எப்படி என்று கேட்காதீர்கள், நல்லவர் என்றுதான் சொல்வார். ஓர் அத்தியாயம் திரும்பி வர எவ்வளவு நாள் ஆகும் என்று கேளுங்கள்.

உங்களில் பலர் நாளைக்கு கைடு ஆகப் போகிறவர்கள். அப்போது உங்களிடமும் எட்டுப் பேர் வந்து நிற்பார்கள், மேசையும் நிறையும். அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லப்போவதில்லை. அடுத்த ஆர்.ஆர்.எம். வருகிறது. படிவத்தை நிரப்பும்போது, கொடுத்த அத்தியாயம் எது, கொடுத்த தேதி எது, திரும்பி வந்ததா இல்லையா என்று மூன்று வரி எழுதுங்கள். குழு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். தனியாக எழுதப் பயமாக இருந்தால் ஒரே துறையில் இருக்கிற நீங்கள் நாலு பேரும் ஒரே செமஸ்டரில் சேர்ந்து எழுதுங்கள்.

அன்புடன்,
கே.பி.எச்.பி. காலனியிலிருந்து உங்கள் அக்கா